கை எழாத வாரங்கள்

மனைவி இறந்துபோகும் நாவல்கள் எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். பெவ் அப்படித்தான் பங்கு பிரிப்பாள். கொலையும் துப்பறிதலும் டக்ளஸுக்கு. சமையலும் தோட்டமும் ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியைகளுக்கு. காதலும் இழப்பும் எனக்கு. "உங்க குரல் பனி விழுற மாதிரி இருக்கு ஆர்னே," என்று ஒருமுறை காரணம் சொன்னாள். "விழுறது தெரியுது, சத்தம் கேக்கல. சோகக் கதைக்கு அதுதான் வேணும்."

பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் இடம் அது. அமெரிக்காவின் வடக்கே டுலூத் நகரில், ஏரியைப் பார்த்த சரிவில், ஒரு பழைய தேவாலயத்தின் கீழ்த்தளம். அதை நடத்தும் பெவ் ஒருத்திக்குத்தான் சம்பளம். நாங்கள் எல்லாம் சும்மா வருகிறவர்கள். வாசிப்பவர் ஒலி புகாத சின்ன அறைக்குள் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருப்பார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே சரிபார்ப்பவர் இருப்பார். வாசிப்பவர் ஒரு சொல்லை மாற்றினாலோ, விட்டாலோ, அவர் வயிறு கடமுடா என்றாலோகூட, சரிபார்ப்பவரின் கை உயரும். அவர் பதிவைப் பின்னால் ஓட்டி முந்தைய வாக்கியத்தை நம் காதில் போட்டுக் காட்டுவார். அங்கிருந்து பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டும்.

என்னைச் சரிபார்ப்பவள் என் மனைவி ஐலி. எங்கள் மகன் மேற்கே வேலை கிடைத்துப் போன வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் இங்கே வந்தோம். அவளுக்கு என் குரல் தெரியும், எனக்கு அவள் கை தெரியும். வீட்டில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பார்க்க வருகிறவர்கள் அதைச் சண்டை என்று நினைப்பார்கள். சண்டை ஒன்றும் கிடையாது. காலையில் இரண்டு கோப்பைக் காப்பி, ஏலக்காய் ரொட்டி, ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கனிமம் ஏற்றிப் போகும் கப்பல். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். என் வாழ்க்கையில் நல்ல நேரங்கள் என்று கணக்கெடுத்தால் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவைதான்.

இத்தனை நாவல்களை வாய்விட்டு வாசித்தவன் என்ற முறையில் அவற்றைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கண்ணால் வாசிக்கிறவனுக்குத் தப்பிக்க வழி உண்டு. வலிக்கிற இடத்தில் வேகமாக ஓடிவிடலாம். வாயால் வாசிக்கிறவனுக்கு அது கிடையாது. இறந்தவளின் தலையணையில் ஒட்டியிருந்த முடி, துவைக்காமல் வைத்திருந்த கம்பளிச் சட்டை, எடுக்கப்படாத தொலைபேசி என்று ஒவ்வொன்றும் நாக்கு வழியாகப் போயாக வேண்டும். அதிலும் நடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. குரல் உடையக் கூடாது. அழுவது கேட்கிறவருடைய வேலை, அதை நாம் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பாள் பெவ்.

அப்படி வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு குறை தெரிந்தது. இந்த நாவலாசிரியர்கள் எல்லோரும் துக்கத்தை நன்றாக எழுதுகிறார்கள். சாவுக்கு ஒரு வரி கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகான வருடங்களுக்கு இருநூறு பக்கம் ஒதுக்குகிறார்கள். ஆனால் சாவுக்கு முன்னால் இருக்கிற பயத்தை யாரும் எழுதுவதில்லை. கதவைத் திறந்தால் என்ன தெரியவரும் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தக் காலம் அவர்களிடம் அரைப் பத்தியில் முடிந்துவிடுகிறது. நான் அதில் ஏழு வாரம் இருந்தேன்.

அக்டோபரில் பெவ் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். தலைமை அலுவலகத்தில் பதிவுகளை மறுபடி கேட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. எங்கள் போன புத்தகத்தில் ஒரு முழு வாக்கியம் இல்லை என்று அவர்கள் எழுதியிருந்தார்களாம்.

"ரெண்டு பேருல யாரு தூங்குனது?" என்றாள் பெவ், சிரித்துக்கொண்டே. "உண்மையச் சொன்னா தண்டனை கம்மி."

"நான்தான்," என்றேன்.

"நீங்க தூங்குனா குறட்டை பதிவாயிருக்குமே. ஐலி, இவர நம்பலாமா?"

ஐலி சிரிக்கவில்லை. "எந்த வாக்கியம்?" என்று மட்டும் கேட்டாள். பெவ் காட்டியதும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வாக்கியம் விட்டுப்போனது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வாசிப்பவன் வரி தாவுவான். அது எல்லோருக்கும் நடப்பதுதான், சரிபார்ப்பவரை உட்கார வைப்பதே அதற்காகத்தான். ஆனால் ஐலி இதுவரை ஒன்றையும் விட்டதில்லை. ஒரு கமாவை நான் தாண்டிப் போனால்கூடக் கை வந்துவிடும். அந்தக் கை ஒரு முழு வாக்கியம் காணாமல் போனபோது ஏன் எழவில்லை? காரை ஓட்டிக்கொண்டு வரும்போது அதைத்தான் யோசித்தேன். அவள் அம்மா ஞாபகம் வந்தது. கடைசி வருடங்களில் அந்த அம்மாள் சொந்த மகளையே நர்ஸ் என்று நினைத்து, "உனக்கு வீட்ல குழந்தைங்க இருக்காம்மா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

சிக்னலில் கார் நின்றபோது ஐலி திடீரென்று கேட்டாள். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டோம்?"

சிவப்பு விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். "மீன் சூப்."

"ஆமால்ல," என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட கேள்விகள் அடிக்கடி வந்தன. பக்கத்து வீட்டு நாயின் பெயர் என்ன? குளிர்கால டயர் மாற்றியது போன வாரமா, அதற்கு முந்தைய வாரமா? நாம் தேனிலவுக்குப் போன ஊரில் ஓட்டல் ஆற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? நான் ஒவ்வொன்றுக்கும் மெதுவாக, சாதாரணமாகப் பதில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் முகத்தில் ஓர் ஆறுதல் வரும். அந்த ஆறுதலைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. தொலைந்த பொருளைக் கையில் கொடுத்ததும் குழந்தை முகத்தில் வருகிற மாதிரி இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் புதிய நாவலைத் தொடங்கினோம். சமவெளியில் கோதுமை விளைகிற ஒரு சின்ன ஊர். ஒரு கணவன், ஜோசஃபின் என்று ஒரு மனைவி. அறுவடைக்கு முன்னால் அவள் இறந்துவிடுகிறாள். அட்டையின் பின்புறத்திலேயே அதைச் சொல்லியிருந்தார்கள். நல்ல எழுத்து. அவன் அவளைக் காதலிக்கிறான் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அவள் பூட்ஸில் ஒட்டிய சேற்றை அவன் கத்தி முனையால் சுரண்டி எடுப்பதை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை வாசித்த அன்றுதான் நான் முதல் சோதனையைச் செய்தேன்.

"ஏழு குதிரைகள்" என்று அச்சில் இருந்தது. "ஆறு குதிரைகள்" என்று வாசித்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். ஐலி தலைகுனிந்து பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மேசைமேல் கிடந்தது, எழவில்லை.

எண் என்பதால் தவறியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் சாம்பல் நிறக் கோட்டை நீலமாக்கினேன். அதற்கடுத்த நாள் ஒரு வாக்கியத்தையே விட்டேன். ஒருமுறை, வெட்கமாக இருக்கிறது, ஒரு பத்தியை அப்படியே இரண்டு தடவை வாசித்தேன். கல்லுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ கலங்கியிருந்தது. கை மட்டும் எழவில்லை. பிறகு மறுபடி குனிந்துகொண்டாள்.

அன்று மதியம் நாங்கள் கொண்டுபோன பச்சை ஆப்பிளை அவள் எனக்கு நறுக்கிக் கொடுத்தாள். வாய் ஒட்டுகிற சத்தம் மைக்கில் விழாமல் இருக்க வாசிப்பவர்கள் ஆப்பிள் தின்பது வழக்கம். துண்டுகளை எண்ணி அடுக்குவது போல ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினாள்.

"களைப்பா இருக்கா ஆர்னே?"

"இல்லையே. உனக்கு?"

"எனக்கென்ன."

வேறு ஒன்றும் பேசவில்லை. எங்களுடைய மௌனம் அதற்கு முன்னால் காலியான மேசை மாதிரி இருந்தது. எதை வேண்டுமானாலும் அதன்மேல் வைக்கலாம். இப்போது அதற்குக் கீழே யாரோ ஒளிந்திருப்பது போல இருந்தது.

இன்னொன்றும் தொடங்கியது. முந்தின நாள் வாசித்த அத்தியாயத்தையே மறுநாளும் வாசிக்கச் சொல்வாள். "ஹீட்டர் சத்தம் விழுந்துடுச்சு" என்பாள். "மைக் நேத்து சரியில்ல" என்பாள். ஹீட்டரின் சத்தம் எனக்குக் கேட்டதில்லை. பெவ்விடம் மெல்ல விசாரித்தேன். "மைக்கா? போன மாசம்தான மாத்துனோம்! அதுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். ஐலி வாசித்ததை மறந்துவிடுகிறாள், மறந்ததை மறைக்க இல்லாத சத்தங்களைச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டேன். ஒன்றும் சொல்லாமல் மறுபடி வாசித்தேன். அவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நவம்பரில் ஒரு நாள் வெண்டல் கூப்பிட்டார். சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர், பார்வை போய் நெடுங்காலம் ஆகிறது. எங்கள் பதிவுகளை ஒன்று விடாமல் கேட்டுவிட்டுப் புகார் சொல்வதற்காகவே தொலைபேசுவார். பெவ் அவர் குரலைக் கேட்டதும் ரிசீவரை என் கையில் திணித்துவிடுவாள்.

"டேய் ஆர்னே, நீ இன்னும் எத்தன பொம்பளைங்களக் கொல்லப் போற?" என்றார் எடுத்ததுமே. "எல்லாப் புஸ்தகத்துலயும் பொண்டாட்டி செத்துடுறா. ஒரு மாறுதலுக்குப் புருஷன் சாகக் கூடாதா?"

"நான் எழுதுறதில்ல, வெண்டல். படிக்கிறேன், அவ்வளவுதான்."

"கொல்றவன் எல்லாம் இதத்தான் சொல்றான். சரி, உன் கைக்காரி எப்படி இருக்கா?"

ஐலியை அவர் அப்படித்தான் சொல்வார்.

"நல்லா இருக்கா."

"இங்க பாரு தம்பி," என்றார், கிண்டல் இல்லாத குரலில். "உன் குரல நான் வருஷக்கணக்கா கேக்குறேன். புஸ்தகத்துல எவ செத்தாலும் அது ஆடுறதில்ல. இப்ப 'நல்லா இருக்கா'ன்னு சொன்னியே, அதுல ஆடுது."

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் ஐலி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

ஜோசஃபின் இறக்கிற அத்தியாயத்தை ஒரு செவ்வாய்க்கிழமை வாசித்தேன். அத்தியாயத்தின் முதல் வாக்கியமே அதுதான்: "ஜோசஃபின் அன்று காலை எழுந்திருக்கவில்லை." அவ்வளவுதான். பிறகு அவன் காப்பி போடுகிறான், அவளுக்கும் சேர்த்து. வழக்கம்போல் அவள் கோப்பையை அடுப்பின் ஓரத்தில் சூடாக வைக்கிறான். அவள் இறந்துவிட்டாள் என்பது வாசகனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த அத்தியாயத்தில் நான் எந்தச் சோதனையும் செய்யவில்லை. செய்யத் தைரியம் இல்லை. குனிந்த தலை நிமிராமல், ஒரே மூச்சில் வாசிப்பது போல வாசித்து முடித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது ஐலி ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை, "மைக் சரியில்ல, மறுபடி படிச்சிடு," என்றாள். படித்தேன்.

வியாழக்கிழமையும் அதையே சொன்னாள்.

அறைக்குள் போவதற்கு முன் பெவ் என்னைப் படிக்கட்டு அருகே நிறுத்தினாள். ஐலி கழிவறைக்குப் போயிருந்தாள்.

"ஒரே அத்தியாயம் மூணாவது தடவ, ஆர்னே. புத்தகம் நகரவே மாட்டேங்குது."

"மைக்…"

"மைக்குக்கு ஒண்ணும் இல்லன்னு உங்களுக்கே தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஐலிக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடுக்கலாமா? திங்கக்கிழமையிலேர்ந்து உங்களுக்கு வேற ஆள உக்கார வைக்கிறேன். நான் தப்பா ஒண்ணும் சொல்லல. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"அவ நல்லாத்தான் இருக்கா."

"சரி, அப்படியே இருக்கட்டும். திங்கக்கிழமை பேசுவோம்."

உள்ளே போய் உட்கார்ந்தேன். கதவு மூடியதும் அந்த அறையில் நம் ரத்தம் ஓடுகிற சத்தம் நமக்கே கேட்கும். கண்ணாடிக்கு அப்பால் ஐலி வந்து உட்கார்ந்தாள், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள், புத்தகத்தைத் திறந்தாள். எல்லாம் வழக்கம்போல. திங்கள்கிழமை அந்த நாற்காலியில் வேறு யாரோ இருப்பார்கள். அவள் வீட்டில் ஜன்னலருகே தனியாக உட்கார்ந்து கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு ஒரு நாள், எனக்கு வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று என்னிடமே கேட்பாள். நான் வாசித்த எந்த நாவலும் அதற்கு முந்தின நாள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பதிவு விளக்கு சிவந்தது. நான் பக்கத்தைப் பார்த்தேன். பிறகு, வாசிக்கிற அதே குரலில், மைக்கில் சொன்னேன்:

"ஐலி, நீ பக்கத்தப் பாத்துக்கிட்டுதான் இருக்கியா?"

அவள் கை உயர்ந்தது. ஏழு வாரத்தில் முதல் தடவை.

பேசும் பொத்தானை அழுத்தினாள். அவள் குரல் என் காதுக்குள் வந்தது. "ஆர்னே. அது புத்தகத்துல இல்ல."

"தெரியும்."

"நீ படிக்க வேண்டியது ஜோசஃபின்னு ஆரம்பிக்குது. தெரியுதா? பக்கம் தெரியுதா உனக்கு?" குழந்தையிடம் பேசுவது போலப் பேசினாள். அவள் கண்கள் நிரம்பியிருந்தன.

"எனக்குப் பக்கம் தெரியுது. உனக்குத் தெரியுதாங்கறதுதான் என் கேள்வி. ஆறு குதிரைன்னு படிச்சேன். நீ நிறுத்தல. கோட்டு நிறத்த மாத்துனேன். ஒரு பத்திய ரெண்டு தடவ படிச்சேன். ஒண்ணுக்கும் நீ கை தூக்கல. உங்க அம்மா மாதிரி ஆயிடுச்சோன்னு நான் ஒவ்வொரு நாளும் செத்துப் பொழைக்கிறேன், ஐலி."

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. பிறகு மறுபடி அழுத்தினாள்.

"வேணும்னேவா? வேணும்னே படிச்சியா?"

"ஆமா."

"குதிரைய?"

"குதிரை, கோட்டு, எல்லாத்தையும்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் கன்னத்தில் வழிய. "அடப் பாவி மனுஷா! நான் ஒண்ணு விடாமக் கேட்டேன். எல்லாத்தையும் கேட்டேன். நிறுத்துனா உனக்குத் தெரிஞ்சுடுமேன்னுதான் நிறுத்தல. எத்தன தடவ நிறுத்துனோம்னு கம்ப்யூட்டர் பெவ்வுக்குக் காட்டிடும். உன்னை இந்த அறையிலேர்ந்து எடுத்துடுவாங்க. இது இல்லாம நீ என்ன பண்ணுவ? அதான் மறுநாள் மைக் சரியில்ல, ஹீட்டர் சத்தம்னு சொல்லி மறுபடி படிக்க வச்சேன். பழசெல்லாம் அழிச்சுட்டேன்."

"எனக்குத்தான் ஆயிடுச்சுன்னு நினைச்சியா?"

"வேற எப்படி நினைக்கிறது? நேத்து என்ன சாப்பிட்டோம், நாய் பேரு என்னன்னு தினம் உன்னைக் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். நீ கரெக்டாச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உசுரு வரும்."

நானும் சிரித்தேன். அந்த ஒலி புகாத அறைக்குள் என் சிரிப்பு பஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிழடுகள், ஏழு வாரமாக ஒருவரையொருவர் வேவு பார்த்திருக்கிறோம். வீட்டுக்குப் போகும் வழியில் நல்ல சாப்பாடு வாங்கிப் போக வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

ஐலி மூக்கை உறிஞ்சினாள். கன்னத்தைத் துடைத்தாள். சிரிப்பின் மிச்சத்தோடு கேட்டாள்:

"ஆனா என் பேரப் போட்டது கொஞ்சம் அதிகம், ஆர்னே. அத நீ செஞ்சிருக்கக் கூடாது. ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல."

"எத?"

"அதான், என் பேர."

"உன் பேர நான் எங்க போட்டேன்?"

சிரிப்பு அவள் முகத்தில் இருந்த இடத்திலேயே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "விடு. வீட்டுக்குப் போலாம்."

"ஐலி."

"எனக்குத்தான் காது சரியாக் கேட்கலபோல."

"ஐலி, ஓட்டிக் காட்டு. நேத்துப் படிச்சத அழிச்சியா?"

அழிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். நான் காத்திருந்தேன். எங்கள் இருவருக்கும் காத்திருக்கத் தெரியும். கடைசியில் அவள் கை விசைப்பலகை மேல் போயிற்று. என் காதுக்குள் என் குரல் வந்தது. சலனமே இல்லாமல், பனி விழுகிற மாதிரி.

ஐலி அன்று காலை எழுந்திருக்கவில்லை.

அது தொடர்ந்தது. ஐலியின் கோப்பையை அவன் அடுப்பின் ஓரத்தில் வைத்தான். ஐலியின் செருப்புகள் கட்டிலுக்குக் கீழே இருந்தன. அத்தியாயம் நெடுக அப்படியே. ஓரிடத்தில்கூட அந்தக் குரல் தயங்கவில்லை. வாசித்தவன் எதிரில் எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறான் என்று யார் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள். நானும் செய்திருப்பேன். ஜோசஃபின் என்று நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தப் பெயரின் முதல் எழுத்தில் நாக்கு தொட்ட இடம்கூட ஞாபகம் இருந்தது.

"செவ்வாய்க்கிழமையும் இதேதானா?"

"ம்."

அவள் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஹெட்ஃபோனின் வயர் முழுக்க நீண்டு இழுபட்டது. கையை நீட்டிப் பொத்தானை அழுத்திக்கொண்டே பேசினாள்.

"பயத்துல வந்தது, ஆர்னே. வேற ஒண்ணும் கிடையாது. என்னையே நினைச்சுக்கிட்டு இருந்திருக்க, என் பேரு வாயில வந்துடுச்சு. யாருக்குத்தான் வராது?"

இருக்கலாம் என்றேன். அப்படித்தான் இருக்க வேண்டும். ஏழு வாரமாக அந்தப் பெயரைத் தவிர வேறொன்றும் என் மனதில் இல்லை. ஜோசஃபின் படுத்திருந்த கட்டிலில் நான் பார்த்ததெல்லாம் இவளைத்தான். காதலித்தவன் வாசித்தால் அப்படித்தான் வாசிப்பான் என்று ஒரு நாவலாசிரியர் அதை அழகாக முடித்துவிடவும் கூடும்.

ஆனால் அக்டோபரில் பெவ் காட்டிய அந்த வாக்கியம்? அதை நான் விட்டபோது எனக்கு எந்தப் பயமும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த வாக்கியம் காணாமல் போனபோது கை ஏன் எழவில்லை என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, வாய் ஏன் அதை விட்டது என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அந்தப் பழைய புத்தகம்," என்றேன். "அதுல நான் விட்டது உனக்குத் தெரியுமா? அப்பவே தெரியுமா?"

"அதுதான் முதல் தடவன்னு நினைச்சேன்," என்றாள். "கை தூக்கத்தான் போனேன். நீ பக்கத்தப் புரட்டி, என்னைப் பாத்துச் சிரிச்ச. எல்லாம் சரியாப் போச்சுங்கற மாதிரி சிரிச்ச. அதுக்கப்புறம் கை வரல."

மேலே தேவாலயத்தில் யாரோ நாற்காலிகளை நகர்த்தினார்கள். அதிர்வு மட்டும் எங்களுக்குக் கீழே இறங்கி வந்தது.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போலாம்," என்றாள்.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான். என்னையும் பாக்கட்டும். இவ்ளோ நாள் வாயத் திறக்காம இருந்தவளுக்கு மூளை சரியா இருக்குமா?"

அவள் சிரிக்க வைக்கப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தைப் பார்த்தேன். அச்சு தெளிவாகத்தான் இருந்தது. ஜோசஃபின். ஐந்து எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"இத முடிச்சுடலாம்," என்றேன். "முதல் வாக்கியத்த மட்டுமாவது."

"இன்னைக்கு வேண்டாம், ஆர்னே."

"இன்னைக்குத்தான். ஆனா ஒண்ணு சொல்லு. நான் தப்பாப் படிச்சா கை தூக்கணும். பாவம்னு விடக் கூடாது. அத நீ விட்டுட்டா எனக்கு வேற யாரும் இல்ல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தாள். புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தாள். "தூக்குறேன்," என்று அவள் குரல் காதுக்குள் வந்தது. "சத்தியமா."

விளக்கு சிவந்தது.

நான் மூச்சை இழுத்து, பாதி விட்டு, அந்தப் பெயரில் கண்ணை நிறுத்தினேன். அவசரப்படவில்லை. முதல் எழுத்துக்கு நாக்கை வைத்து, கடைசி எழுத்துவரை போய், அங்கிருந்து காலைக்கு, அங்கிருந்து எழுந்திருக்கவில்லை என்பதற்கு, ஒவ்வொரு சொல்லாகக் கைபிடித்து அழைத்துப்போவது போல வாசித்தேன். என் காதுக்கு அது சரியாக இருந்தது. துளிப் பிசகு இல்லை. முற்றுப்புள்ளியில் நின்று, நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன்.

ஐலி பக்கத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஈரம் இருந்தது. முகம் அசையவில்லை. மேசையிலிருந்து அவள் கை மெல்ல மெல்ல உயர்ந்து, தோளுக்கு மேல் வந்து நின்றது.

என்ன சொன்னேன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பதிவைப் பின்னால் ஓட்டினாள்.

"மறுபடி," என்றாள். "வரி ஆரம்பத்துலேர்ந்து."

நான் விரலை அந்தப் பெயரின் கீழே வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன்.